ஆசிட் லாரிக்குத் தணிக்கை வருகிறது, எங்கே தொடங்குவது?

கேள்வி:

ஐயா, தக்கலைக்குப் பக்கத்தில் லாரித் தொழில் செய்கிறோம். மொத்தம் 7 வண்டிகள். அப்பா காலத்தில் ரப்பர் ஷீட்டும் தேங்காயும் ஏற்றிக்கொண்டிருந்தோம். சில வருடங்களாகத் தூத்துக்குடிக் கிடங்கிலிருந்து, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கேன்களை எடுத்து குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கத்துக் கடைகளில் இறக்குகிறோம். ரப்பர் பால் ஆலைகளுக்கும் கடற்கரை ஐஸ் ஆலைகளுக்கும் அம்மோனியா சிலிண்டர் போகிறது. லோடு குறைவாக இருந்தால் இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றுவதும் உண்டு. சரக்கு தரும் கம்பெனி இன்னும் 6 வாரத்தில் பாதுகாப்புத் தணிக்கைக்கு வருகிறது. டிரைவர் பயிற்சி, வண்டிச் சோதனை, பயணத் திட்டம் என்று ஓராண்டுப் பதிவேடுகளைக் கேட்கிறார்கள். நாங்கள் எதையும் எழுதி வைத்ததில்லை. எல்லாவற்றையும் பழைய தேதி போட்டு எழுதித் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? போன மழைக்காலத்தில் ஒரு கேன் உடைந்து ஆசிட் ரோட்டில் கொட்டியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதைச் சொல்ல வேண்டுமா?

– ஒரு வாசகர், தக்கலை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்த 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

தணிக்கைக்கு வருகிறவர் பதிவேட்டை மட்டும் தனியாக எடுத்து வாசிப்பதில்லை. ஏதாவது ஒரு தேதியில் விரலை வைப்பார். அந்த நாளின் ஜி.பி.எஸ். பதிவு, ஃபாஸ்டேக் கணக்கு, டீசல் பில் மூன்றையும் கேட்பார். காலை பத்து மணிக்கு ஷெட்டில் பயிற்சி நடந்ததாகவும் ஐந்து டிரைவர்களும் கலந்துகொண்டதாகவும் கையெழுத்து இருக்கும். அதே பத்து மணிக்கு அவர்களில் இரண்டு பேருடைய வண்டி நாங்குநேரி டோலைத் தாண்டியிருக்கும். ஓராண்டுப் பதிவேடு முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மடிப்போ எண்ணெய்க்கறையோ இல்லாத தாள் என்றால் அதைக் கண்டுபிடிக்க அனுபவம்கூடத் தேவையில்லை. பதிவேடு இல்லை என்றால் அது ஒரு குறை. எழுதிக்கொண்டு, திருத்த நாள் கொடுப்பார்கள். பதிவேடு பொய் என்று தெரிந்தால் ஒப்பந்தமே போய்விடும். நாளைக்கு ஒரு விபத்து நடந்து உயிர்ச்சேதம் என்று வந்தால், அந்தப் பொய்ப் பதிவேடு உங்கள் பெயரோடு நீதிமன்றத்துக்குப் போகும்.

இன்றைய தேதியைப் போட்டு இன்றைக்கே தொடங்குங்கள். முதல் பக்கத்தில், “இதற்கு முன் எழுத்துப் பதிவு கிடையாது, இந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறோம்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 6 வாரம் நாள் தவறாமல் எழுதிய உண்மைப் பதிவு கையில் இருந்தால் தைரியமாக உட்கார்ந்து பதில் சொல்லலாம்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரிக்கு வருகிறேன். ஆசிட்டையும் அம்மோனியாவையும் ஒரே வண்டியில் ஏற்றுவதாகச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். இதைத் தணிக்கைக்காக இல்லை, இன்று மாலை லோடு ஏற்றுவதற்கு முன்பே நிறுத்துங்கள். ஃபார்மிக் ஆசிட் அமிலம், அம்மோனியா காரம். இரண்டும் சேர்ந்தால் கொதித்துச் சூடேறும், வெண்புகை கிளம்பும். கசிந்த ஆசிட் சிலிண்டரின் வால்விலும் இரும்பிலும் பட்டு அரிக்கத் தொடங்கினால் அடுத்து வெளியேறப்போவது நச்சு வாயு. வாயு நிரப்பிய சிலிண்டரை, அரிக்கும் தன்மையுள்ள பொருளோடும் எளிதில் தீப்பற்றும் பொருளோடும் சேர்த்து ஏற்றக் கூடாது என்று வாயு சிலிண்டர் விதிகளே சொல்கின்றன. நச்சு வாயு சிலிண்டரோடு உணவுப் பொருளை ஏற்றவும் தடை இருக்கிறது. காலி சிலிண்டர்தானே என்று திரும்பும்போது நேந்திரன் குலையை மேலே அடுக்கும் பழக்கம் உங்கள் டிரைவர்களுக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். காலி என்று நாம் சொல்லும் சிலிண்டரில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். லோடு குறைவாக இருக்கும் நாளில் ஒரு டிரிப் அதிகமாகும், டீசல் செலவு கூடும். அந்தக் கணக்கைக் காட்டி வாடகையைக் கூட்டிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நீங்கள் ஏற்றுவது என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. நம் குமரி மாவட்டத்தில் எல்லாருக்கும் அது “ரப்பர் ஆசிட்”தான். பில்லில்கூட அப்படி எழுதுகிற கடைகள் உண்டு. தணிக்கையாளருக்கு அது போதாது. ஃபார்மிக் ஆசிட் எத்தனை சதவீதம் என்று கேட்பார். 85 சதவீதத்துக்கு மேல் என்றால் அதன் ஐ.நா. எண் (அபாயச் சரக்கை உலகம் முழுக்க அடையாளம் காட்டும் எண்) 1779, அரிக்கும் பொருள் என்ற 8-ஆம் வகுப்போடு, தீப்பற்றும் திரவம் என்ற 3-ஆம் வகுப்பும் துணையாகச் சேரும். 10-க்கு மேல் 85 வரை என்றால் எண் 3412. 8-ஆம் வகுப்பு மட்டும். கடைக்குப் போகும் கேனில் பெரும்பாலும் 85 என்றுதான் அச்சிட்டிருக்கும், அதாவது சரியாக எல்லைக்கோட்டிலேயே. அதனால் ஊகிக்காதீர்கள். சரக்கோடு வரவேண்டிய பாதுகாப்புத் தரவுத்தாளில், போக்குவரத்து விவரம் என்ற 14-ஆம் பகுதியைப் பார்த்து அதில் உள்ள எண்ணையே வண்டியில் எழுதுங்கள். அம்மோனியாவிலும் இதே கவனம் வேண்டும். சிலிண்டரில் வரும் நீரற்ற அம்மோனியாவுக்கு எண் 1005, வகுப்பு 2.3, நச்சு வாயு. கேனில் வரும் அம்மோனியாக் கரைசல், 10-க்கு மேல் 35 சதவீதம் வரை இருந்தால், எண் 2672, வகுப்பு 8. ரப்பர் பாலைக் கெட்டுப்போகாமல் வைக்க இரண்டையும் வாங்குகிறார்கள் என்பதால் உங்கள் வண்டியில் எது போகிறது என்று டிரைவருக்கே குழப்பம் வரும்.

கேனையும் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். தரமான கேனின் அடியிலோ பக்கத்திலோ கடிகார முகம்போல ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருக்கும், உள்ளே ஒரு அம்புக்குறி. அது கேன் தயாரான மாதத்தையும் வருடத்தையும் காட்டுகிறது. அபாயச் சரக்குக்கான பிளாஸ்டிக் கேனின் ஆயுள் ஐ.நா. பரிந்துரைப்படி 5 ஆண்டுகள்தான். நம் ஊரில் ஒரே கேனைத் திரும்பத் திரும்ப நிரப்பி, வெயிலில் வெளிறி, கைப்பிடி ஓரத்தில் கீறல் விழும் வரை ஓட்டுகிறார்கள். போன மழைக்காலத்தில் உடைந்த கேன் எந்த வருடத்துக் கேன் என்று உங்களுக்குத் தெரியுமா? ஏற்றும்போதே பழைய கேனையும் உப்பிய கேனையும் ஒதுக்கிவிட்டு, ஏன் ஒதுக்கினோம் என்று டெலிவரி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஃபார்மிக் ஆசிட் நாள்பட மெல்லச் சிதைந்து வாயு விடும், அதனால்தான் கேன் உப்புகிறது. சிலிண்டர் என்றால் கழுத்தில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பார்த்து, வால்வு மூடி இருக்கிறதா என்றும் பார்த்த பிறகுதான் வண்டிக்குள் விட வேண்டும்.

இனி வண்டிக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 129 முதல் 137 வரை முழுவதும் உங்கள் தொழிலைப் பற்றியவை. தமிழில் யாரையாவது விளக்கச் சொல்லி ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. வண்டியின் இரண்டு பக்கமும் பின்புறமும், ஆக மூன்று இடத்தில், அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். சரக்கின் சரியான பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், ஐ.நா. எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத எண்ணில், வகுப்புச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல். அதோடு அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண், சரக்கு அனுப்பியவரின் பெயர், எண். தணிக்கையாளர் டேப் எடுத்து அளப்பார். புகைக்குழாயில் தீப்பொறி தடுப்பான் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பெயின்டரைக் கூப்பிட்டு ஒரே நாளில் முடித்துவிடக்கூடிய வேலைகள் இவை. ஆனால் உங்கள் வண்டி இன்று ஆசிட், நாளை அம்மோனியா, மறுநாள் ரப்பர் ஷீட் என்று மாறிமாறி ஏற்றுகிறது. பெயின்டில் எழுதினால் பாதி நாள் பலகை பொய் சொல்லும். கழற்றி மாட்டும் தகடாகச் செய்து, ஷீட் ஏற்றும் நாளில் கழற்றி வைத்துவிடுங்கள். தீயணைப்பு வீரர் தூரத்தில் நின்று அந்தப் பலகையை நம்பித்தான் முடிவெடுக்கிறார்.

பலகை எழுதி முடித்த பிறகு செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, யாரும் செய்வதில்லை. அதில் உள்ள எண்ணுக்கு இரவு இரண்டு மணிக்கு ஒரு போன் போடுங்கள். எடுக்கிறார்களா? எடுத்தவருக்கு ஃபார்மிக் ஆசிட் கொட்டினால் என்ன செய்வது என்று தெரிகிறதா? அலுவலக நேரத்தில் மட்டும் மணியடிக்கும் எண்ணைப் பலகையில் போட்டு வைப்பதில் என்ன பிரயோசனம்? யார் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். தணிக்கையாளர் தாமே அந்த எண்ணை அழைத்துப் பார்ப்பதும் உண்டு.

கேபினுக்குள் ட்ரெம் கார்டு இருக்க வேண்டும். சரக்கின் தன்மை, அபாயம், தீயானால், கசிந்தால், மேலே பட்டால் என்ன செய்வது என்று ஒரே தாளில் சொல்லும் அட்டை. கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் வரும், டிரைவர் சன்வைசருக்கு மேலே செருகுவார், அங்கேயே கிடந்து மஞ்சளாகும். தமிழில் ஒன்று எழுதுங்கள். அச்சகத் தமிழ் வேண்டாம், உங்கள் டிரைவர் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். “ஆசிட் கண்ணில் பட்டால் கண்ணைத் திறந்து பிடித்து, 15 நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி” என்பது போல. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை பக்கம் போகிற வண்டி என்றால் ஆங்கில அட்டையும் கூடவே இருக்கட்டும், அந்தப் பக்கத்துப் போலீஸும் தீயணைப்புத் துறையும் வாசிக்க வேண்டும். அட்டையில் 15 நிமிடம் தண்ணீர் என்று எழுதினால் வண்டியில் அவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் அல்லவா? குடிக்கும் பாட்டில் போதாது. 20 லிட்டர் கேன் இரண்டு, குழாய் வைத்தது, வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி வையுங்கள். ஆசிட் தாங்கும் கையுறை, முகம் மறைக்கும் கவசம், ரப்பர் பூட்ஸ், ஏப்ரன், ஒரு மூட்டை காய்ந்த மணல், ஆசிட்டை அடக்கக் கொஞ்சம் சோடா ஆஷ் அல்லது சுண்ணாம்பு, மண்வெட்டி. அம்மோனியா வண்டிக்கு, அம்மோனியாவுக்கென்றே உள்ள, வடிகட்டி டப்பா பொருத்திய கேனிஸ்டர் மாஸ்க். தூசி மாஸ்க்கைத் தொங்கவிட்டுச் சமாளிக்க முடியாது. கேனிஸ்டரில் காலாவதித் தேதி உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்பதையும் தினமும் காலையில் பார்க்க வேண்டும்.

இப்போது டிரைவர். உங்கள் 6 வாரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்பேன். முதலில் லைசென்ஸ். அபாயச் சரக்கு ஓட்ட, கனரக லைசென்ஸ் மட்டும் போதாது. விதி 9-இன்படி அங்கீகாரம் பெற்ற இடத்தில் 3 நாள் பயிற்சி முடித்து, அதை லைசென்ஸில் பதிந்திருக்க வேண்டும். ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. முன்பு இந்த லைசென்ஸுக்கு ஓராண்டுதான் செல்லுபடி. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு. டிரைவர் “இருக்கு முதலாளி” என்று சொல்வதை வைத்து விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவர் லைசென்ஸையும் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பார்த்து, அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பதிவு இல்லாதவரை ஆசிட் வண்டியிலிருந்து இன்றே மாற்றி ஷீட் வண்டிக்கு அனுப்புங்கள். பயிற்சிக்கு அனுப்பும் மூன்று நாளும் தினப்படியைப் பிடிக்காதீர்கள். படியைப் பிடித்தால் உட்கார்ந்திருப்பார், காது கேட்காது.

சான்றிதழ் வாங்கியவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். தணிக்கையாளர் ஃபைலை மூடிவிட்டு ஷெட்டுக்கு வந்து, முதலில் கண்ணில் படும் டிரைவரிடம் கேட்பார்: “அண்ணே, வண்டியில என்ன இருக்கு? கசிஞ்சா என்ன செய்வீங்க?” அந்த இரண்டு கேள்விக்கும் அவர் தயங்காமல் பதில் சொன்னால் பாதித் தணிக்கை முடிந்த மாதிரி. இதை மனப்பாடம் செய்ய வைக்க முடியாது, செய்து பார்க்க வைக்க வேண்டும். ஒரு காலி கேனில் தண்ணீரை ஊற்றி, ஷெட் முற்றத்தில் கவிழ்த்து, இது ஆசிட் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள். யார் முதலில் கையுறையைத் தேடுகிறார், யார் வெறுங்கையோடு கேனைத் தூக்கப் போகிறார், மணல் மூட்டை எங்கே என்று யாருக்குத் தெரிகிறது, எல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கிளீனரையும் லோடுமேன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேனைத் தோளில் சுமப்பவர்கள் அவர்கள்தான், முதலில் வெந்துபோவதும் அவர்கள் தோல்தான். சட்டம் டிரைவரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது என்பதால் இவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் அதிகம்.

அம்மோனியாவுக்குத் தனியாக ஒரு பாடம் வேண்டும், அது காற்றைப் பற்றியது. அம்மோனியா கசிந்தால் டிரைவர் அதை அடைக்கப் போகக் கூடாது. வண்டியை நிறுத்தி, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போய், எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டருக்கு ஆளை அண்டவிடாமல் செய்து, 112-க்கோ 101-க்கோ சொல்ல வேண்டும். தரையில் தேங்கிய திரவ அம்மோனியா மேல் தண்ணீரை ஊற்றினால் இன்னும் வேகமாக ஆவியாகும், அதனால் அதில் தண்ணீர் வேண்டாம். காற்றில் பரவும் புகையைத் தண்ணீர்த் திவலையால் அடக்கலாம், அது தீயணைப்புத் துறையின் வேலை. காற்றின் திசையைக் கண்டுபிடிக்க உங்கள் டிரைவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் இறக்கை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. அந்தப் பக்கம் ஓடு என்று சொல்லிக் கொடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் அந்தக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று தார்ப்பாயையே கிழிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த மாதங்களில் அடுக்கிய கேன்களைக் கயிற்றால் மட்டும் கட்டாமல் வார்ப்பட்டை போட்டு இறுக்குங்கள்.

பாதையும் நேரமும் எழுத்தில் இருக்க வேண்டும். விதி 132-இன்படி ஒவ்வொரு டிரிப்புக்கும் எந்த வழியாகப் போக வேண்டும், எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை நீங்களும் சரக்கு அனுப்புகிறவரும் சேர்ந்து வகுக்க வேண்டும். போலீஸ் மாற்றச் சொன்னால் ஒழிய டிரைவர் அதை மாற்றக் கூடாது. தூத்துக்குடி, திருநெல்வேலி, வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், தக்கலை என்று ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் திட்டமாகிவிடாது. விடிகாலையில் தோவாளையில் பூச்சந்தைக் கூட்டம் சாலை வரை வந்து நிற்கும். காலை எட்டரை, மாலை நாலு மணிக்கு நாகர்கோவிலுக்குள் பள்ளிப் பிள்ளைகள். மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை, நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா. இந்த நாட்களை காலண்டரில் வட்டமிட்டு அந்த நேரத்தில் ஆசிட் வண்டி ஓடாது என்று எழுதுங்கள். டிரைவர் எங்கே நிறுத்திச் சாப்பிடலாம், எங்கே தூங்கலாம் என்பதையும் சேருங்கள். நிறுத்தினாலும் வண்டி அவருடைய அல்லது 18 வயது தாண்டிய விவரம் தெரிந்த ஒருவருடைய கண்பார்வையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஹோட்டல் வாசலில், அடுப்புக்குப் பத்தடி தள்ளி அம்மோனியா வண்டியை நிறுத்திவிட்டு புரோட்டா சாப்பிடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நேரத்தை வகுக்கும்போது ஒரு நாளுக்கு 8 மணி நேர வேலை என்பதையும் மனதில் வையுங்கள். நீங்கள் எழுதும் நேரம் மனிதனால் ஓட்ட முடிகிற நேரமா என்று தணிக்கையாளர் கணக்குப் போடுவார்.

மற்ற காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை உங்களுக்குப் பழக்கமானவைதான். ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றுக்கும் முடியும் தேதியை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான அபாயச் சரக்கு வண்டிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60 கிலோமீட்டரில் பூட்டியிருக்க வேண்டும், அறுத்துவிட்ட வயர் இருந்தால் சரிசெய்யுங்கள். ஜி.பி.எஸ். கருவி ஏ.ஐ.எஸ். 140 என்ற இந்திய வாகனத் தரத்துக்கு உட்பட்டதா என்று பாருங்கள். 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தில், அபாயப் பொருளை வண்டியில் கொண்டுபோவதும் அடங்கும். அரசு அறிவித்த அளவைத் தாண்டினால் அந்தப் பாலிசி கட்டாயம். உங்கள் அளவு அதில் வருமா வராதா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். அபாயச் சரக்கு விதியை மீறினால் முதல் தடவை 10,000, அடுத்த தடவை 20,000 ரூபாய் அபராதமும் சிறையும் வரை போகலாம். ஓட்டியவரோடு, ஓட்ட விட்டவரையும் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவு சேர்த்தே பிடிக்கிறது.

போன மழைக்காலத்தில் உடைந்த கேனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாகச் சொல்வதற்கும் டிரைவர் வாய்தவறிச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அபாயச் சரக்கு சம்பந்தப்பட்ட விபத்து நடந்தால் டிரைவர் உடனே பக்கத்துப் போலீஸ் நிலையத்திலும் வண்டி உரிமையாளரிடமும் தெரிவிக்க வேண்டும் என்று விதி 136 சொல்கிறது. அன்று அது நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். எங்கே கொட்டியது, எத்தனை லிட்டர், என்ன செய்தார்கள், அதற்குப் பிறகு நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு பக்கம் போதும். தண்ணீர் விட்டு ஓடைக்குள் கழுவித் தள்ளியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நம் ஊரில் ரோட்டோர ஓடை கால்வாயில் போய் விழும், கால்வாய் குளத்துக்குப் போகும், குளத்தில் துணி துவைக்கவும் குளிக்கவும் ஆள் இருக்கும். அடுத்த முறை மணலால் அணை கட்டி, ஆசிட்டை ஓடவிடாமல் நிறுத்தி, சோடா ஆஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி நுரை அடங்கும் வரை பொறுத்து, அள்ளி டிரம்மில் போட வேண்டும். மரத்தூளைப் போட்டு உறிஞ்ச வைக்க வேண்டாம். ஃபார்மிக் ஆசிட் எரியவும் கூடியது.

தணிக்கை நாளில் டிரைவரிடம் கேள்வி கேட்கும்போது நீங்கள் குறுக்கே பதில் சொல்லாதீர்கள். விவரமான டிரைவரை மட்டும் ஷெட்டில் நிறுத்திவிட்டு மற்றவர்களை டிரிப்புக்கு அனுப்பும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வருகை அட்டவணையைப் பார்த்து அவர்களே ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று. தணிக்கை செய்வது அவர்கள் என்பதால் கடமை எல்லாம் உங்கள் தலையில் மட்டும் இருக்கிறது என்று நினைத்திருக்கிறீர்கள். விதி 131-ஐப் படித்துப் பாருங்கள். சரக்கின் அபாயம் பற்றிய முழுத் தகவலையும் உரிமையாளருக்குக் கொடுப்பது சரக்கு அனுப்புகிறவரின் கடமை. பயணப் பாதை வகுப்பதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. எனவே நாளைக்கே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் இப்போதைய பாதுகாப்புத் தரவுத்தாள், தமிழில் ட்ரெம் கார்டு, இரவும் பகலும் ஆள் எடுக்கும் அவசர எண், பழைய கேனை ஏற்ற மறுத்தால் அதை ஒத்துக்கொள்வதாக ஓர் உறுதி, ஆசிட்டையும் அம்மோனியாவையும் தனித்தனி வண்டியில் அனுப்பத் திருத்திய வாடகை, இந்த ஐந்தையும் கேளுங்கள். பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அவர்களுடைய பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடிதத்தின் நகலைக் கோப்பில் முதல் தாளாக வைத்துவிட்டு, மறுநாள் காலை டிரைவர்களைக் கூப்பிட்டுத் தண்ணீர்க் கேனைக் கவிழ்க்கத் தொடங்குங்கள்.